தட்டு ஒன்று, நடுவில் துளையுடன்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் 'வெளிநாட்டுப் பொட்டலப் பரிசோதனைப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் இருப்பது திருச்செங்கோட்டு மாதேஸ்வரனுக்கு அவருடைய ஐம்பத்தோராவது வயதில்தான் தெரிய வந்தது. தெரியாமலே இருந்திருந்தாலும் குடி ஒன்றும் முழுகிப் போயிருக்காது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு அவரைத் தெரிந்துவிட்டது. பழுப்புக் கவரில் ஒரு கடிதம் வந்தது.

'தங்கள் பெயருக்கு நைஜீரியா நாட்டிலிருந்து வரப்பெற்ற பொட்டலம் ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. தொண்ணூறு நாட்களுக்குள் ஐயத்தைத் தாங்கள் தீர்க்கத் தவறினால் பொருள் அழிக்கப்படும்.'

என்ன ஐயம் என்று கடிதத்தில் இல்லை.

"ஐயம் அவிங்களுக்கு. தீக்கறது நானாமா" என்றார் மாதேஸ்வரன், மனைவி அனிதாவிடம்.

"போய்த் தீத்துட்டு வாங்க. வர்றப்ப அந்த இனிப்புக் கடைல கால் கிலோ மைசூர்பா" என்றாள் அனிதா. அவளுக்கு அந்த விலாசத்தில் தெரிந்தது அவ்வளவுதான்.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று மாதேஸ்வரனுக்குத் தெரியும். திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிகள் போகாத நாடு கிடையாது. பூமியில் எங்கே தண்ணீருக்குத் துளை போட வேண்டுமானாலும் இந்த ஊர் வண்டிதான் போய் நிற்கும். மாதேஸ்வரன் ஒன்பது வருஷம் நைஜீரியாவில் போர்வெல் போட்டவர். இப்போது ஊரில் ரிக்கு வண்டிகளுக்கு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே அவருடன் ராடு மாட்டுகிற வேலையில் இருந்தவன் காத்தான், பக்கத்து ஊர்க்காரன். காத்தானுக்கு இங்கிலீஷும் தெரியாது, அந்த ஊர்ப் பாஷையும் தெரியாது. எல்லாரிடமும் நம்மூர்ப் பேச்சையே பேசினான். எல்லாருக்கும் புரிந்தது. ஏன் புரிந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

இபாடன் என்கிற ஊரின் ஓரத்தில் ஒரு தெருவில் போர் போட்டபோது, எதிர்க்கடையில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்த டுண்டே என்கிறவன் தினமும் வந்து கம்ப்ரஸர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பாடுவான். கம்ப்ரஸர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது. இவன் அதற்கு மேலே பாடுவான். "இந்தச் சத்தத்தை நான் ஜெயித்துவிட்டால் அப்புறம் உலகத்தில் எந்தச் சத்தத்துக்கும் பயப்பட மாட்டேன்" என்பான். ஜெயித்துவிட்டான். இன்றைக்கு அவன் பெயர் டுண்டே கிங். லண்டனில் அவன் பாட ஏறினால் மைதானம் நிரம்புகிறது. ஆஃப்ரோபீட்ஸ் என்கிற ஆப்பிரிக்கத் துள்ளல் பாட்டு என்றால் மாதேஸ்வரன் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர்கள்கூட அவன் பாட்டைத்தான் போடுகிறார்கள்.

இந்த வருஷம் டுண்டே ஒரு புது ஆல்பம் போட்டான். தலைப்பு, 'நோ பெர்மிஷன் நீடட்'. அனுமதி வேண்டியதில்லை என்று அர்த்தம். முதல் பாட்டில் நான்தான் மழை என்கிறான். இரண்டாவதில் நான்தான் ஆறு. இப்படியே போய், பத்தாவது பாட்டில், போனால் போகிறதென்று தானும் மனிதன்தான் என்று ஒப்புக்கொள்கிறான், ஆனால் அந்த மாதிரி மனிதன் இன்னொருத்தன் கிடையாதாம். அத்தனையும் செல்போனிலேயே கேட்கலாம். மாதேஸ்வரன் கேட்டுவிட்டார். தாளம், கெட்டிப் பாறையில் சுத்தியல் இறங்குகிற மாதிரியே இருந்தது அவருக்கு.

ஆனால் ஒன்று மட்டும் செல்போனில் இல்லை. அதை டுண்டேயே குரல் செய்தியாக அனுப்பியிருந்தான். கடைசிப் பாட்டின் தொடக்கத்தில், அந்தத் தெருவில் தண்ணீர் வந்த நாளன்று அவன் தன் போனில் பதிவு செய்த காத்தானின் குரலை வைத்திருக்கிறானாம். பதினொரு விநாடி. இணையத்தில் போடுகிற கம்பெனிக்காரர்கள், அடையாளம் தெரியாத மொழியில் இரைச்சல் என்று அதை வெட்டிவிட்டார்கள். "அதனால்தான் அண்ணா, ரெக்கார்டு அடித்தேன். பழைய வினைல் தட்டு. அதில் பாட்டு ஊசி போகிற வழியில் போகும். எவனும் நடுவில் கை வைக்க முடியாது. ஒன்று அனுப்புகிறேன்."

அந்தத் தண்ணீர் வந்த இரண்டாம் மாதம், அங்கேயே காய்ச்சலில் காத்தான் செத்துப்போனான். அது ஆகிறது எட்டு வருஷம். அவன் மனைவி சின்னாயி தறிப்பட்டறையில் வேலை செய்கிறாள். அவளிடம் காத்தானின் போட்டோ ஒன்று இருக்கிறது, குரல் இல்லை.

மாதேஸ்வரன் அந்தத் தறிப்பட்டறைக்கே போய் அவளிடம் சொன்னார். அவள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"படமில்லீங்களேண்ணா? பேச்சுங்களா?"

"பேச்சுத்தான் அம்மிணி. பதினோரு செகண்டு."

"என்ன பேசறாருங்?"

"அது எனக்கே ஞாபகமில்ல. தட்டு வந்தாத்தான் தெரியும்."

"அப்ப வாங்கிட்டு வந்துருங்க. நான் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவள் தறியை ஓட்டினாள்.

அலுவலகக் கவுண்டரில் தனப்பிரியா என்ற பெண் இருந்தாள். மரியாதையான பெண். கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தாள்.

"பொருளோட பேருங்க?"

"வினைல் ரெக்கார்டுங்."

"தமிழ்ல சொல்லோணுமுங்க. படிவம் தமிழ்லதான்."

"இசைத்தட்டுங்."

அவள் பட்டியலில் தேடினாள். "இசை இல்லீங்க. தட்டு இருக்குதுங்க. எவர்சில்வரா, பீங்கானா, பாக்குமட்டையா?"

"அம்மிணி, இது பாட்டுக் கேக்கற தட்டு. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க. படிவத்துக்குத் தெரியாதுங்களே" என்றாள் அவள், உண்மையான வருத்தத்துடன். பிறகு 'மற்றவை' என்பதைத் தட்டி, எழுதினாள்: தட்டு ஒன்று, நடுவில் துளையுடன். அடுத்து, பெறுநரின் தொழில். மாதேஸ்வரன், இப்போது வெல்டிங், முன்பு போர்வெல் என்றார். அவள் விரல் அப்படியே நின்றது.

"அய்யாவைப் பாத்துருங்க" என்றாள்.

அய்யா என்பவர் மண்டல ஆய்வு அதிகாரி திரு. அறிவு. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழில் எம்.ஏ. அவர் நாற்காலியில் வெள்ளைத் துண்டு, துண்டில் 'வெ.பொ.ப.பி' என்று நீல நூலில் தைத்திருந்தது. அவர் பொருளைக் கையில் வாங்கி, துளை வழியாக மாதேஸ்வரனைப் பார்த்தார்.

"நீங்க துளை போடறவர். உங்க பேருக்கு வந்த பொருள்ல துளை இருக்கு. இதைத் தற்செயல்னு நானே நினைக்கிறேன். ஆனா தற்செயல்னு எழுதறதுக்கு இதுல கட்டம் இல்ல."

"அந்தத் தட்டுன்னா துளை இருக்கோணுமுங்க."

"இருக்கட்டும். பயன்படுத்தாத துளையை மூடி வைக்கணும்னு உத்தரவு இருக்கில்ல? உங்க தொழில்ல உங்களுக்குத் தெரியாததா?"

அது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கான உத்தரவு என்று மாதேஸ்வரன் சொன்னார். இது கைவிடப்பட்டதா இல்லையா என்பதை விசாரணைதான் முடிவு செய்யும் என்றார் அறிவு. ஆழம் எவ்வளவு என்று கேட்டார். இரண்டு மில்லிமீட்டர் இருக்கும் என்றார் மாதேஸ்வரன். 'ஆழம் குறைவு, எனினும்' என்று கோப்பில் எழுதப்பட்டது. அட்டெண்டர் வந்து துளையின் இரண்டு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டிவிட்டுப் போனார். துளை மூடப்பட்டதற்குச் சான்றாக மாதேஸ்வரனைத் தட்டைப் பிடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக் கோப்பில் வைத்தார்கள். இதற்கே பன்னிரண்டு நாள் போய்விட்டது.

அடுத்த தடவை அறிவு, தட்டின் அட்டையைப் படித்திருந்தார். முகம் மாறியிருந்தது.

"உக்காருங்க. நான் இருபத்தாறு வருஷமா அனுமதி குடுக்கற வேலையில இருக்கேன். எத்தனையோ பேர் தெரியாம அனுமதி இல்லாம அனுப்பியிருக்காங்க. மன்னிச்சிருக்கேன். ஆனா, அனுமதியே வேண்டாம்னு அட்டையில அச்சடிச்சு, அதை அனுமதிக்காக என் மேஜைக்கே அனுப்பின ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"அது பாட்டோட பேருங்க. அவனுக்குக் கொஞ்சம் தன்னம்பிக்கை ஜாஸ்தி."

"அதுதான் கேள்வி. அவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்துச்சு? ஆதாரம் வேணும்." அறிவு கண்ணாடியைக் கழற்றினார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கும் தன்னம்பிக்கை இருந்துச்சு. மேலதிகாரி கூப்பிட்டு, யார் அனுமதியில வெச்சிருக்கேன்னு கேட்டாரு. எங்கிட்டப் பதில் இல்ல. அன்னிக்கே விட்டுட்டேன். விட்டதுக்கப்புறம்தான் எனக்கு மூணு பதவி உயர்வு."

மாதேஸ்வரன் டுண்டேவுக்குச் செய்தி அனுப்பினார். உன் தன்னம்பிக்கைக்கு ஆதாரம் கேட்கிறார்கள். டுண்டே ஒரே வார்த்தையில் பதில் போட்டான்: 'அம்மா.' அதை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆதாரமாகக் காட்டப்பட்ட நபரின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை இல்லை என்று திருப்பினார்கள். டுண்டேயின் அம்மா, பெருவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிற போட்டோ ஒன்றை அனுப்பிவைத்தாள். தனப்பிரியா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, ரேகை தெரிகிறது என்று குறிப்பு எழுதினாள். ஏற்கப்பட்டது. அப்போது முப்பத்தொன்றாவது நாள்.

அடுத்து, உள்ளடக்க ஆய்வு. தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு இயந்திரம் வாங்க டெண்டர் விட்டார்கள். இயந்திரம் வந்தது, ஊசி வரவில்லை. ஊசி வேண்டும் என்று அலுவலகம் எழுதிய கடிதம், ஊசி என்பதால் சுகாதாரத் துறைக்குப் போனது. எந்த நோய்க்கு என்று அவர்கள் கேட்டார்கள். நோய்க்கு அல்ல, கேட்பதற்கு என்று இவர்கள் பதில் எழுதினார்கள். கேட்பது என்றால் காதுப் பிரிவு என்று அங்கே முடிவாகி, ஒரு பெட்டி நிறைய ஐந்து மில்லி சிரிஞ்சுகள் வந்து இறங்கின. அறிவு அவற்றைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். கடிதத்தில் கேட்டது வந்துவிட்டதால் அந்தக் கோப்பு முடிந்தது.

மாதேஸ்வரன் அலைந்து திரிந்து, அம்மாபேட்டையில் ரேடியோ கடை வைத்திருக்கிற ரஹமத்துல்லாவைக் கண்டுபிடித்தார். அறுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட பிளேயர் இருக்குது. ஊசியும் இருக்குது. தூக்கிட்டு வர்றேன் பாய்" என்றார். ஊரில் எல்லாரையும் பாய் என்று கூப்பிடுகிறவர் அவர்.

ஐம்பத்திரண்டாவது நாள் காலை பதினொரு மணிக்கு ஐந்து பேர் கொண்ட கேட்புக் குழு கூடியது. ரஹமத்துல்லா டேப்பைப் பிய்த்தார். அறிவு தடுக்க வாயெடுப்பதற்குள் தட்டை ஏற்றி, துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, ஊசியை வைத்தார். முதலில் வாணலியில் கடுகு வெடிப்பது மாதிரி ஒரு சின்னப் பொரிச்சல். அப்புறம் முரசு. அது செல்போனில் கேட்டமாதிரி இல்லை என்பது மாதேஸ்வரனுக்கு உடனே தெரிந்தது. செல்போனில் பாட்டு காதுக்குள் நடந்தது. இது அறைக்குள் நடந்தது. கோப்பு அடுக்கிய பீரோ, அதற்கு மேலே இருந்த செத்துப்போன ஃபேன், மேஜைக் கண்ணாடி எல்லாவற்றின் வழியாகவும் அந்தத் தாளம் நடந்து வந்து காலைப் பிடித்தது. நான்தான் மழை என்று டுண்டே பாடினான், அந்த அறையில் மறுத்துப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை.

குழு உறுப்பினர்களில் கணக்குப் பிரிவுக்காரர் பேனாவால் தட்டினார். அட்டெண்டர் தோள்பட்டையைக் குலுக்கினார். கீழே இனிப்புக் கடையிலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு மேலே வந்து நின்றார்கள். முதல் பக்கம் முடிந்தது. எல்லாரும் அறிவைப் பார்த்தார்கள். அவர் செருப்பை மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆய்வு முழுமையா நடக்கல" என்றார். "நாளைக்கு மறுபடி இதே பக்கம்."

ஒன்பது வேலை நாட்கள், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, முதல் பக்கம் ஆராயப்பட்டது. மாதேஸ்வரன் தினமும் பட்டறையை மூடிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பக்கத்தைப் போடச் சொன்னால், முதல் பக்கத்தில் ஐயம் தீராமல் இரண்டாவதுக்குப் போக விதி இல்லை என்றார்கள். பத்தாவது நாள் தட்டில் வெள்ளை பெயிண்டில் 'வெ.பொ.ப.பி / சே / 47' என்று பெரிதாக எழுதி, காய வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, என்ன காரியம் பண்ணீட்டீங்க?" என்றார் மாதேஸ்வரன்.

"அலுவலகத்துல தினமும் பயன்படுற பொருளுக்கு எண் போடணும்" என்றார் அறிவு. "நாற்காலிக்குப் போட்டிருக்கோம், குடத்துக்குப் போட்டிருக்கோம். எண் போடலைன்னா தணிக்கையில காணாமப் போச்சுன்னு எழுதிருவாங்க. உங்க நன்மைக்குத்தான்."

ஊசி வைத்துப் பார்த்தார்கள். டுண்டே 'நான்தான்' என்றான். டொக். 'நான்தான்.' டொக். 'நான்தான்.' என்னவென்று சொல்ல முடியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான். எண்ணை மேற்பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும் என்று விதி. அந்த ஒரு விதியால்தான் இரண்டாவது பக்கம் தப்பித்தது. முதல் பக்கம் இனிக் கேட்க உதவாது என்று ஆனதும், குழு வேறு வழியில்லாமல் தட்டைத் திருப்பியது.

கடைசிப் பாட்டு வந்தது. கம்ப்ரஸர் இரைச்சல். அதற்கு நடுவில் ஒரு குரல். மாதேஸ்வரன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். எட்டு வருஷமாகக் கேட்காத குரல், நேற்றுக் கேட்ட மாதிரி இருந்தது. அந்தத் தெரு, சேறு, சுற்றி நின்ற சின்னப் பையன்கள், மேலே அடித்த தண்ணீர் எல்லாம் கண்ணுக்குள் வந்தன.

"காத்தானுங்க. இது காத்தான் பேசறானுங்க" என்றார்.

"என்ன மொழி?" என்றார் அறிவு.

"தமிழுங்க."

"தமிழா? நான் தமிழ்ல எம்.ஏ. எனக்குப் புரியல. எனக்குப் புரியாத தமிழ் இருக்குன்னு நீங்க சொல்றது என் பட்டத்துக்கே விரோதமா இருக்கு."

ஆகவே அந்தப் பதினொரு விநாடி, மொழி நிபுணர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது. பதினேழு மொழிகள் தெரிந்தவர் என்று வீட்டு வாசலில் பலகை வைத்திருக்கிற ஓய்வுபெற்ற பேராசிரியர். பதினேழில் கொங்கு வட்டாரப் பேச்சு இல்லை போலிருக்கிறது. மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. 'மேற்கு ஆப்பிரிக்கக் கிளைமொழி ஒன்றின் அழிந்துவரும் வடிவம். "சாமீ" என்பது இனக்குழுத் தலைவர். "வைவா" என்பது போர்முழக்கமாகலாம். "தண்ணி" என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கவில்லை. "சின்னாயி" என்பது எகிப்து நாட்டுச் சினாய்ப் பாலைவனம் என்பதில் ஐயமில்லை. ஒரு பாலைவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பேசுபவர் அவசரப்படுவது கவனிக்கத்தக்கது.'

படித்ததும் அறிவு கதவைச் சாத்தச் சொன்னார். "இது என் அதிகாரத்தை மீறிப் போயிடுச்சு. பாலைவனம் வந்துட்டா மேலிடம்தான். மேலிடத்துக்கு அனுப்பினா ரெண்டு வருஷம். ஆனா உங்களுக்குத் தொண்ணூறு நாள்தான். அதனால அழிச்சிடறதுதான் சட்டப்படி சுலபம்."

"அந்தச் சின்னாயி பாலைவனமில்லீங்க. திருச்செங்கோட்டுல தறி ஓட்டுது."

அறிவு யோசித்தார். "நேர்ல ஆஜராக முடியுமா?"

எண்பத்தெட்டாவது நாள் சின்னாயி வந்தாள். மாதேஸ்வரன் பைக்கில் கூட்டிவந்தார். தலையில் ஒட்டிய பஞ்சைத் துடைக்காமலே பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். ரஹமத்துல்லா பிளேயரோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

அடையாள அட்டையைக் கேட்டார்கள். 'சின்னாயி, க/பெ காத்தான்' என்று இருந்தது. அறிவு அதை அறிக்கையோடு ஒப்பிட்டு, எழுத்து ஒத்துப்போகிறது என்று முணுமுணுத்தார்.

"நீங்க பாலைவனம் இல்லைன்னு எழுத்துல குடுக்க முடியுமா?"

"குடுக்கறனுங். மொதல்ல அதப் போடுங்க" என்றாள் சின்னாயி.

ரஹமத்துல்லா ஊசியை வைத்தார். கம்ப்ரஸர் இரைந்தது. காத்தான் பேசினான்.

"தண்ணி வந்துருச்சு சாமீ... தள்ளி நில்லுங்கடா, துணி நனஞ்சா உங்கொம்மா என்னையத்தான் வைவா. மாதேசா, அந்தப் போனக் குடு, சின்னாயிகிட்டச் சொல்லோணும்..."

அதன்மேல் முரசு ஏறி, டுண்டே பாட ஆரம்பித்தான். சின்னாயி அசையாமல் இருந்தாள். முந்தானையின் நுனி மட்டும் அவள் கையில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்கா" என்றாள்.

"விசாரணைக்கு ஒரு தடவைதான்..." என்று அறிவு ஆரம்பித்தார். ரஹமத்துல்லா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஊசியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். மூன்றாவது தடவையும் வைத்தார். நான்காவது தடவை தனப்பிரியா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

அறிவு தொண்டையைச் செருமினார். "சரி. இந்த அயல்மொழி உங்களுக்குப் புரியுதுன்னு தெரியுது. தமிழ்ல மொழிபெயர்த்துச் சொன்னீங்கன்னா பதிவு பண்ணிக்கலாம்."

"இது தமிழ்தானுங்களே."

"நிபுணர் ஆப்பிரிக்க மொழின்னு எழுதிட்டாரு. இனி அதைத் தமிழ்னு மாத்தணும்னா அவர் மேல இன்னொரு நிபுணர் போடணும். மொழிபெயர்த்துட்டா ஒரு மணி நேரத்துல முடியும்."

சின்னாயி மாதேஸ்வரனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அறிவு அதை இலக்கணத்தில் போட, தனப்பிரியா அடித்தாள்.

"தண்ணி வந்துருச்சு சாமீ."

"நீர் வரப்பெற்றது ஐயா."

"துணி நனஞ்சா உங்கொம்மா என்னையத்தான் வைவா."

"ஆடை ஈரமாகும் பட்சத்தில் தங்கள் தாயார் என்னையே கடிந்துகொள்வார்."

"சின்னாயிகிட்டச் சொல்லோணும்."

"சின்னாயி என்பாருக்குத் தகவல் தெரிவிக்கப்பட வேண்டும்." அறிவு நிமிர்ந்தார். "தெரிவிக்கப்பட்டதா?"

முறுக்கிய முந்தானையைச் சின்னாயி பிரித்துவிட்டாள். "போன் வந்துச்சுங்க. நான் கொடத்தத் தூக்கிக்கிட்டுக் குழாயடியில வரிசைல நின்னுட்டிருந்தேன். எங்களுக்கு அஞ்சு நாளா தண்ணி வல்ல. எடுத்து, அப்பறம் பேசறன்னு வெச்சுட்டனுங்க. அவரு மறுபடி கூப்புட்டு இதச் சொல்லல. வேற என்னென்னமோ பேசினோம்."

"தெரிவிக்கப்படவில்லைன்னு போட்டுக்கம்மா" என்றார் அறிவு, தனப்பிரியாவிடம்.

"இன்னைக்குத் தெரிஞ்சுதுங்களே" என்றாள் சின்னாயி. பிறகு, கோபமில்லாமல், கணக்குக் கேட்கிற மாதிரி இன்னொன்றும் கேட்டாள். "ஏனுங்க சாமி, அவரு செத்தப்ப அந்த ஊர்ல இருந்து அவரையே ஆறு நாள்ல அனுப்பிட்டாங்க. அவரு பேச்சுக்கு மட்டும் ஏனுங்க மூணு மாசம்?"

அறிவு மேஜையைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். அவரிடம் பதில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. "உடலுக்குப் படிவம் இருக்கும்மா" என்றார். "குரலுக்கு இல்ல." அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கே அது கஷ்டமாகத்தான் இருந்தது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் பொருளை அப்படியே கையில் கொடுத்தனுப்பி விடுவார்களா? எண்பத்தொன்பதாவது நாள் ஒப்படைப்பு விழா வைத்தார்கள். இனிப்புக் கடையிலிருந்து மைசூர்பா வந்தது. அறிவு மாலை போட்ட மைக்கின் முன்னால் இருபது நிமிஷம் பேசினார்.

"நண்பர்களே, இந்தத் தட்டு எங்களிடம் வந்தபோது இது வெறும் தட்டு. எண் இல்லை, கோப்பு இல்லை, மொழி இல்லை. இன்று இதற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆவணம் இருக்கிறது. அந்தக் கலைஞர் அனுமதி வேண்டியதில்லை என்று பாடினார். அவர் அப்படித் தைரியமாகப் பாடலாம். ஏனென்றால் அதற்கான அனுமதியை இங்கே உட்கார்ந்து நாங்கள் வாங்கித் தருகிறோம். பாதி தட்டு இன்றும் பாடுகிறது. ஓர் அலுவலகத்திலிருந்து பாதி திரும்பக் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்."

அனுபவப்பட்டவர்கள் கைதட்டினார்கள். கணக்குப் பிரிவுக்காரருக்குத்தான் முகம் வாடியிருந்தது. நாளையிலிருந்து பதினொரு மணிக்கு என்ன செய்வது என்று அட்டெண்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தட்டு சின்னாயி வீட்டுக்குப் போகவில்லை. அவளிடம் பிளேயர் கிடையாது. ரஹமத்துல்லா கடையில் அவருடைய மேஜைக்குப் பின்னால் வைத்தாள். சம்பளம் வாங்குகிற சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பதினொரு விநாடி கேட்பாள். முதல் மாதம் அதோடு எழுந்து போய்விடுவாள். அப்புறம் அப்புறம் முழுப் பாட்டையும் இருந்து கேட்க ஆரம்பித்தாள். "இந்தப் பையன் நல்லாத்தானுங்க பாடறான். பயமே இல்ல" என்று ஒரு நாள் மாதேஸ்வரனிடம் சொன்னாள்.

கார்த்திகை மாதம் அவள் பெயருக்கே ஒரு பழுப்புக் கவர் வந்தது. மாதேஸ்வரன்தான் பிரித்துப் படித்துக் காட்டினார். 'தங்களின் ஆப்பிரிக்க மொழிப் புலமையைக் கருத்தில் கொண்டு, தங்களை இப்பிரிவின் கௌரவ மொழி நிபுணராக நியமிப்பதில் பெருமையடைகிறோம். கானா நாட்டிலிருந்து வந்துள்ள ஒலிப் பொருள் ஒன்றை ஆராய நேரில் வரவும்.'

"போகோணுமாண்ணா?"

"உன் இஷ்டம் அம்மிணி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது யாரு ஊட்டுப் பேச்சோ, என்னமோ. பாவம், எவ காத்துக்கிட்டு இருக்காளோ. போலாம்."

போனார்கள். புதிதாக அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அதிலும் எண் எழுதியிருந்தார்கள். எதிர்ப்பக்கம், ஓமலூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கானாவில் வேலை பார்க்கிற மகன் அனுப்பியதாம். ரஹமத்துல்லாவின் ஊசி இறங்கியது. யாரோ ஒரு கிழவர் ஏதோ ஒரு பாஷையில் நிறுத்தி நிதானமாகப் பேசினார், பின்னால் கிடார் ஓடியது. சின்னாயி கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கவனமாகக் கேட்டாள். அறிவு பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க சாமி" என்றாள்.

அறிவின் முகம் தெளிந்தது.

"ஆப்பிரிக்க மொழி நிபுணருக்கே புரியலையா? அப்ப இது தமிழ்தான்" என்று சொல்லிவிட்டு, தனப்பிரியா பக்கம் திரும்பினார். "உள்ளூர்ப் பொருள்னு போட்டு, இன்னைக்கே விட்டுரும்மா."